ஜார்ஜும் மார்த்தாவும் ஏன் பிரியவில்லை

அமெரிக்க நாடகாசிரியர் எட்வர்ட் ஆல்பீயின் ‘ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்?’ நாடகத்தைப் படித்தவர்களும் சரி, படமாகப் பார்த்தவர்களும் சரி, முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒருத்தரை ஒருத்தர் இப்படிக் குத்திக் கிழிக்கிற புருஷனும் பெண்டாட்டியும் 23 வருஷமாக ஏன் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்? பிரிந்து போயிருக்கலாமே? மார்த்தாவின் அப்பா வசதியானவர், மகள் திரும்பி வந்தால் வைத்துக் காப்பாற்றுவார். ஜார்ஜ் படித்தவன், இந்த ஊர் இல்லையென்றால் வேறொரு ஊரில் வரலாறு சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வான். இருந்தும் இரண்டு பேரும் எங்கேயும் போகவில்லை.

இந்த நாடகத்தின் மேல் எனக்கு இருக்கிற பிடிப்பு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் இருக்கிற நாலு பேரில், எதிராளி பேசுவதை ஒரு சொல் விடாமல் காதில் வாங்கிக்கொள்கிறவர்கள் ஜார்ஜும் மார்த்தாவும் மட்டும்தான். அவ்வளவு கூர்ந்து தன்னைக் கவனிக்கிற ஓர் ஆளை விட்டுவிட்டுப் போக இரண்டு பேருக்கும் மனசு வராது.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நியூ கார்த்தேஜ் என்று ஒரு சின்னக் கல்லூரி ஊர். சனிக்கிழமை இரவு கல்லூரித் தலைவர் வீட்டு விருந்து முடிந்து ஜார்ஜும் மார்த்தாவும் வீடு திரும்பும்போது விடியற்காலை 2 மணி. அந்தக் கல்லூரித் தலைவர்தான் மார்த்தாவின் அப்பா. ஜார்ஜுக்கு வயது 46, மார்த்தாவுக்கு 52. மருமகன் என்ற முறையில் வரலாற்றுத் துறையை ஏற்று நடத்தி, பிறகு கல்லூரியையே ஏற்று நடத்துவான் என்று எதிர்பார்க்கப்பட்டவன் ஜார்ஜ். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதை மார்த்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுகிறாள். அன்றைக்கு அந்த நேரத்தில் அவள் விருந்தாளிகளை வேறு அழைத்திருக்கிறாள்: உயிரியல் துறைக்குப் புதிதாக வந்த நிக், அவன் மனைவி ஹனி. நாலு பேரும் விடியும்வரை குடிக்கிறார்கள், பேசுகிறார்கள். மூன்று அங்கங்களும் அந்த ஒரே அறையில்தான் நடக்கின்றன.

இனி அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். மார்த்தா ஒரு கடினமான சொல்லைப் பயன்படுத்தினால் ஜார்ஜ் அதைத் திருத்துவான். அவள் விடமாட்டாள், அதன் இரண்டாவது பொருளைச் சொல்லி அவன் வாயை அடைப்பாள். மூன்றாம் அங்கத்தில் நிலா மறைந்துவிட்டதா இல்லையா என்று ஒரு சண்டை வருகிறது. நிலா மறைந்துவிட்டது என்கிறாள் அவள். மறைந்த நிலா திரும்ப வருவதுண்டு, மயோர்கா தீவு வழியாகக் கப்பலில் போனபோது பார்த்திருக்கிறேன் என்கிறான் அவன். நீ அங்கே போனதே இல்லை என்கிறாள் அவள். பக்கத்தில் நிற்கிற நிக்குக்கு எது உண்மை எது கதை என்று பிடிபடவே இல்லை, எரிச்சல்தான் வருகிறது. அவர்களுக்கோ அது ஆட்டம். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் தொடுக்கிற லாவணி மாதிரி, எதிர்ப்பாட்டு வராவிட்டால்தான் ஏமாற்றம்.

முதல் அங்கத்தில் ஓர் இடம் வருகிறது. பல வருஷத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கொண்டு, அப்பாவின் கண்முன்னாலேயே ஜார்ஜை ஒரு புதருக்குள் தள்ளிய கதையை மார்த்தா விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜார்ஜ் எழுந்து உள்ளே போகிறான், துப்பாக்கியோடு திரும்பி வருகிறான், அவள் பின்னந்தலைக்குக் குறி வைக்கிறான். ஹனி அலறுகிறாள். விசையை இழுத்தால் குழலிலிருந்து வண்ணமாக ஒரு சீனக் குடை விரிகிறது. அந்த இடத்தில் மார்த்தா என்ன செய்கிறாள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவளுக்குக் கோபம் வரவில்லை. வாய்விட்டுச் சிரிக்கிறாள், அசந்துபோகிறாள், ஒரு முத்தம் கொடு என்று கேட்கிறாள். தன் புருஷன் இன்னும் தோற்று உட்காரவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவன்தான் அந்த முத்தத்தைத் தள்ளிவிடுகிறான். அந்த இரவு அதற்கப்புறம் இவ்வளவு மோசமாகப் போனதில் அந்த மறுப்புக்கும் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன்.

நிக்கும் ஹனியும் சண்டை போடுவதில்லை. மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் லட்சணமான இளம் ஜோடி. ஆனால் ஜார்ஜிடம் தனியாக மாட்டிய நிக், இரண்டு கோப்பை உள்ளே போனதும், கல்யாணம் நடந்த காரணத்தையே உளறிவிடுகிறான். ஹனி கர்ப்பம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டான், அது பொய்க் கர்ப்பம், ஊதிய வயிறு தானாக வடிந்துவிட்டது. அவள் அப்பா சேர்த்து வைத்த பணமும் ஒரு காரணம். ஜார்ஜ் இதையெல்லாம் வைத்துக்கொண்டு, பிறகு நாலு பேர் இருக்கும்போது ஒரு நாவலின் கதைபோலத் திருப்பிச் சொல்கிறான். ஹனிக்குப் புரிய நேரம் பிடிக்கிறது. புரிந்த நொடியில், இவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டுவிட்டு வாந்தி எடுக்க ஓடுகிறாள். 23 வருஷமாக அடி தாங்கிய தாம்பத்தியம் ஒரு பக்கம், ஒரே அடியில் விரிசல் விடுகிற இன்னொன்று ஒரு பக்கம். ஆல்பீ இரண்டையும் ஒரே சோபாவில் உட்கார வைத்துக் காட்டுகிறார்.

இதனால் ஜார்ஜும் மார்த்தாவும் செய்வது நல்ல காரியம் என்று நான் சொல்லவில்லை. கொடுமைதான். ஜார்ஜ் இளவயதில் எழுதிய நாவலை மாமனார் வெளியிட விடாமல் தடுத்தார், அது நாவலே இல்லை, தன் வாழ்க்கையிலேயே நடந்தது என்று ஜார்ஜ் கெஞ்சினான். அதை அவள் அந்நியர்கள் முன்னால் போட்டு உடைக்கும்போது அவன் அவள் கழுத்தைப் பிடிக்கிறான், நிக் பிரித்து விடவேண்டியிருக்கிறது. அந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு உடம்பு பதறுகிறது. ஒருவரை முழுசாக அறிந்தவர்தான் எங்கே அடித்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்றும் அறிந்திருப்பார். அறிதலும் ஆயுதமும் ஒன்றாகவே இருப்பதைத்தான் மூன்றரை மணி நேரம் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாடகம் நியூயார்க்கில் பில்லி ரோஸ் தியேட்டரில் அரங்கேறியது 1962 அக்டோபர் 13 அன்று. இயக்கியவர் ஆலன் ஷ்னைடர். மார்த்தாவாக உட்டா ஹேகன், ஜார்ஜாக ஆர்தர் ஹில். இவ்வளவு நீளமும் பாரமும் உள்ள நாடகத்தை ஒரே நாளில் இரண்டு முறை நடிப்பது முடியாத காரியம் என்பதால் பகல் காட்சிகளுக்குத் தனியாக ஒரு நடிகர் குழு வைத்துக்கொண்டார்கள். 664 காட்சிகள் நடந்தது. அரங்கேறிய மறுநாள்தான் அமெரிக்க உளவு விமானம் கியூபாவில் சோவியத் ஏவுகணைகளைப் படம் பிடித்தது. உலகமே அழிந்துவிடுமோ என்று மக்கள் நடுங்கிய அந்த மாதத்தில், முழுப் போரா என்று கேட்டுக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் மேடையில் மோதுவதைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜார்ஜ், மார்த்தா என்பவை அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன், அவர் மனைவி இருவருடைய பெயர்கள். நிக் என்பதில் அன்றைய சோவியத் தலைவர் நிகிதா குருஷேவும் இருக்கிறார் என்று ஆல்பீயே சொல்லியிருக்கிறார். இதை வைத்து நாடகத்தையே அமெரிக்காவின் உருவகமாக வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்பு அவ்வளவாக ஒட்டவில்லை. குருஷேவை மறந்துவிட்டாலும் நாடகம் ஒரு பிடி குறைவதில்லை, அந்த வரவேற்பறையை மறந்தால்தான் எல்லாம் போய்விடும்.

1963இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசுக்கு நடுவர்கள் இதைத்தான் பரிந்துரைத்தார்கள். மேலே இருந்த ஆலோசனைக் குழு ஏற்கவில்லை, அந்த வருஷம் நாடகத்துக்குப் பரிசே கொடுக்கவில்லை. நடுவர்களான ஜான் மேசன் பிரவுனும் ஜான் காஸ்னரும் பதவி விலகினார்கள். ஆபாசப் பேச்சு, கல்யாணம் என்ற புனிதத்தின் மேல் சேறு என்றெல்லாம் அன்றைக்குப் புகார். ஆல்பீ பிற்பாடு வேறு மூன்று நாடகங்களுக்குப் புலிட்சர் வாங்கினார், அது வேறு கதை. கல்யாணத்தைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்டவற்றில் இவ்வளவு அக்கறையான எழுத்து எனக்குத் தெரிந்து குறைவு. அதைப் போய் கல்யாணத்துக்கு எதிரானது என்று ஒதுக்கியது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, ஜார்ஜ், மார்த்தாவின் மகனுக்கு வருவோம். நாடகத்தின் உயிர் அங்கேதான்.

விருந்தாளிகள் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே ஜார்ஜ் மார்த்தாவை எச்சரிக்கிறான், பையனைப் பற்றிப் பேச்சை எடுக்காதே என்று. உடை மாற்ற மாடிக்குப் போகிற மார்த்தா அங்கே ஹனியிடம் சொல்லிவிடுகிறாள். ஹனி கீழே வந்து, உங்களுக்கு ஒரு மகன் இருப்பது எனக்குத் தெரியாதே என்று வெகுளியாகக் கேட்கிறாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற ஜார்ஜ் அந்தக் கேள்விக்கு ஒரு கணம் ஆடிப்போகிறான். மறுநாள் மகனுக்கு 21ஆவது பிறந்தநாள். அவன் கண் என்ன நிறம் என்பதில்கூட இருவருக்கும் தகராறு, நீலம் என்கிறான் ஜார்ஜ், என் அப்பாவைப் போல் பச்சை என்கிறாள் மார்த்தா. இல்லாத பிள்ளையின் கண் நிறத்துக்காக இரண்டு பேர் இவ்வளவு மும்முரமாகச் சண்டை போடுவதை, விஷயம் தெரிந்தபின் இரண்டாவது முறையாகப் படிக்கும்போது தாங்க முடிவதில்லை. ஆமாம், அப்படி ஒரு பையன் கிடையவே கிடையாது. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஒருவனைக் கற்பனையில் பெற்று, வளர்த்து, காய்ச்சல் வரவைத்து, கை உடையவைத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, 21 வயது வரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே ஒரு விதி: வெளியாளிடம் அவனைப் பற்றிப் பேசக் கூடாது.

இந்த நாடகம் வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1946 தொடங்கி 1964 வரை அமெரிக்காவில் குழந்தைகள் பிறந்து குவிந்த காலம். பத்திரிகை, விளம்பரம், தொலைக்காட்சி எதைத் திறந்தாலும் அப்பா, அம்மா, தோட்டம், பிள்ளைகள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கல்லூரி ஊரில் பிள்ளை இல்லாத இருவர் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று ஆல்பீ யோசித்திருக்கிறார். அவரே கைக்குழந்தையாக இருக்கும்போது தத்துக் கொடுக்கப்பட்டவர். நாடகக் கொட்டகைகள் நடத்திய பணக்காரக் குடும்பத்தில் வளர்ந்து, ஒத்துப்போகாமல் இளவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறியவர். பெற்றோரின் விருப்பத்துக்காக உருவாக்கப்படுகிற பிள்ளை என்ற விஷயம் அவருக்கு அந்நியமானதாக இருந்திருக்க முடியாது.

மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் மார்த்தா நிக்கிடம் ஜார்ஜைப் பற்றிப் பேசுகிற பகுதி ஒன்று உண்டு. இத்தனைக்கும் சற்று முன்னால்தான் அவள் ஜார்ஜுக்குத் தெரிந்தே நிக்கை மாடிக்கு அழைத்துப் போயிருக்கிறாள், அது ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. தன்னை வாழ்க்கையில் சந்தோஷப்படுத்திய ஒரே ஆண் ஜார்ஜ்தான் என்கிறாள். அவன் தன்னைச் சிரிக்க வைப்பதையும், அந்தச் சிரிப்பைத் தான் தொண்டையிலேயே அடக்கிக்கொள்வதையும், ஆட்டத்தின் விதியைத் தான் எவ்வளவு வேகமாக மாற்றினாலும் அதே வேகத்தில் அவன் கற்றுக்கொண்டுவிடுவதையும் சொல்கிறாள். தன்னைப் போய் நேசித்தான் என்பதுதான் அவன் செய்த மன்னிக்க முடியாத தப்பு, அதற்குத்தான் தண்டனை என்கிறாள். நிக் இதை நம்புவதில்லை. பிரிந்து போயிருக்கலாமே என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தப் பக்கத்தைத்தான் படிக்கச் சொல்வேன். தன்னை நேசிக்கத் தகுந்தவளாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நேசிக்கிற ஒருவன் எதிரில் நின்றுகொண்டே இருந்தால், அவன் கண் சரியில்லை என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஜார்ஜ் பூங்கொத்தோடு வருகிறான், கடைசி ஆட்டத்தைத் தொடங்குகிறான். மகனைப் பற்றிச் சொல் என்று மார்த்தாவைத் தூண்டிவிட்டு, அவள் பிறப்பிலிருந்து சொல்லிக்கொண்டே வர, பக்கத்தில் இறந்தோருக்கான லத்தீன் ஜெபத்தைச் சொல்கிறான். முடிவில் செய்தியைச் சொல்கிறான்: தந்தி வந்தது, மகன் இறந்துவிட்டான், கிராமத்துச் சாலையில் ஒரு முள்ளம்பன்றி மேல் ஏற்றாமல் இருக்கக் காரைத் திருப்பினான், மரத்தில் மோதிவிட்டது. இதே விபத்தை, இதே முள்ளம்பன்றியோடு, இரண்டாம் அங்கத்தில் வேறொரு பையனின் கதையாக ஜார்ஜ் நிக்கிடம் சொல்லியிருக்கிறான். அங்கே அந்தப் பையன் பிழைத்துக்கொள்கிறான், பக்கத்தில் இருந்த அப்பாதான் சாகிறார். அந்தப் பையன் ஜார்ஜேதானோ என்ற சந்தேகம் நமக்கு ஏற்கெனவே உண்டு. தன் மகனைக் கொல்ல அவன் வெளியே ஒரு காரணத்தைத் தேடவில்லை, தன் வாழ்க்கையின் ஆறாத புண்ணிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுக்கிறான். தந்தி எங்கே என்று மார்த்தா கேட்கிறாள். தின்றுவிட்டேன் என்கிறான், ஹனியும் ஆமாம் என்று சாட்சி சொல்கிறாள்.

மார்த்தா கத்துகிற கத்தல் முக்கியமானது. அது பொய், அவன் சாகவில்லை என்று அவள் தொடங்குவதில்லை. நீயாக இதை முடிவு செய்ய முடியாது என்கிறாள். இருவரும் சேர்ந்து உண்டாக்கியதை ஒருவர் மட்டும் எப்படி அழிக்கலாம் என்பதுதான் அவள் வழக்கு. நிக்குக்கு விஷயம் உறைப்பதும் அந்தச் சொற்களால்தான். உங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். எங்களுக்குப் பிறக்கவில்லை என்கிறான் ஜார்ஜ். எங்களுக்குப் பிறக்கவில்லை என்று மார்த்தாவும் சொல்கிறாள். யாருடைய உடம்பில் குறை என்று அதுவரை ஒருவரை ஒருவர் எவ்வளவோ குத்தியிருக்கலாம், அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆயுதம். இருவருமே எடுக்கவில்லை. நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஜார்ஜ் செய்தது கருணையா, பழியா? நிக் விவகாரம் நடந்த கையோடுதான் அவன் இதைத் திட்டமிடுகிறான், அதனால் பழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மகனுக்கு 21 ஆகிறது, அவன் வீட்டுக்கு வர வேண்டிய நாள் வந்துவிட்டது, வராதவனை இன்னும் எத்தனை வருஷம் எதிர்பார்த்திருப்பது? ஒரு நாள் யாராவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். பழியாகத் தொடங்கிய காரியம் செய்து முடிக்கும்போது கருணையாக மாறியிருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன், அந்த மாற்றம் எந்த வரியில் நடக்கிறது என்பதை ஒவ்வொரு நடிகரும் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் கணவர் லியோனார்ட் உல்ஃப் இந்த நாடகத்தை லண்டனில் பார்த்துவிட்டு ஆல்பீக்குக் கடிதம் எழுதினார். என் மனைவியின் ‘லேப்பின் அண்ட் லேப்பினோவா’ என்ற சிறுகதையைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கதையிலும் புதிதாகக் கல்யாணமான இருவர், தாங்கள் முயல்கள் என்று வைத்துக்கொண்டு இருவருக்கு மட்டுமான ஓர் உலகத்தை உண்டாக்குகிறார்கள். கடைசியில் கணவன், மனைவியின் அந்த முயல் பொறியில் அகப்பட்டுச் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறான். கல்யாணமும் அதோடு முடிந்தது என்று கதை முடிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஜார்ஜ் யார் என்பது துலங்கும். அவனும் கொல்கிறான், ஆனால் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்காருவதில்லை. அவள் பக்கத்திலேயே நிற்கிறான், அவளுக்குக் குளிருகிறதா என்று கேட்கிறான், தலைப்பில் இருக்கும் ‘வர்ஜீனியா உல்ஃபைக் கண்டு யாருக்குப் பயம்’ என்ற பாட்டை மெதுவாகப் பாடுகிறான். நான்தான் பயப்படுகிறேன் என்கிறாள் மார்த்தா. நாடகம் முழுக்க எதற்கும் அஞ்சாதவளாக வளைய வந்த ஒருத்தி அதைத் தன் புருஷனிடம் சொல்ல முடிகிறது.

1966இல் மைக் நிக்கோல்ஸ் எடுத்த படத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். எலிசபெத் டெய்லர், ரிச்சர்ட் பர்ட்டன், நிஜத்திலும் அப்போது கணவன் மனைவி. முப்பதுகளில் இருந்த டெய்லர் 52 வயது மார்த்தாவாக உடம்பையும் குரலையும் மாற்றிக்கொண்டு நடித்தார், ஆஸ்கார் அவருக்குக் கிடைத்தது நியாயம்தான். ஹனியாக வந்த சாண்டி டென்னிஸுக்கும் கிடைத்தது. ஆனால் எனக்கு அந்தப் படத்தைத் தாங்கிப் பிடிப்பது பர்ட்டனின் முகம், அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது. ஒன்றுதான் குறை, நடுவில் கதையைச் சாலையோர மதுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாடகம் அந்த அறையைவிட்டு எங்கும் போகாமல் இருப்பதில்தான் அதன் பலமே இருக்கிறது.

விருந்தாளிகள் கிளம்பும் நேரத்தைப் பற்றி விமர்சகர்கள் அதிகம் எழுதுவதில்லை. எல்லோரும் ஜார்ஜையும் மார்த்தாவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது இயல்புதான். எனக்கோ கவலை மற்ற இருவரைப் பற்றி. ஹனி குழந்தை வேண்டாமென்று பயந்து, நிக்குக்குத் தெரியாமல் கர்ப்பத்தைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் அங்கத்தின் முடிவில் இதை ஊகித்துவிடுகிறவன், சில மணி நேரத்துக்கு முன்னால் அறிமுகமான ஜார்ஜ். மார்த்தா மகனைப் பற்றிச் சொல்லக் கேட்டு அதே ஹனி, எனக்குக் குழந்தை வேண்டும் என்று அழுகிறாள். நிக் அந்த அழுகையையும் கேட்டான், ஆனால் முன்கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. அவள் எதற்குப் பயந்தாள், இப்போது எது மாறியது என்று அவன் இன்னும் கேட்கவில்லை. போகிற வழியில் கேட்டானா என்று ஆல்பீ சொல்லவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குக் காலையில் அவர்களுக்கும் ஒரு பெரிய சண்டை வந்திருக்கும், அது வந்திருக்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.